கொப்பரையின் அடி

கோலார் தங்கவயலில் குழாயடி வரிசையில் குடத்தோடு நிற்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் பேச்சிமுத்துவின் கொப்பரையைத் தெரியும். அவன் சொல்லிச் சொல்லித் தெரியும். எழுமலைக்கு மேற்கே, மலை இறங்கிவந்து குமிழம்பட்டி நிலத்தில் காலை நீட்டுகிற இடத்தில், அருவி விழுந்து விழுந்து பாறையைக் குடைந்த கசம் அது. வாய் வட்டம், வயிறு அகலம், ரெண்டாள் ஆழம். கிழக்கு ஓரத்தில் நாலு பேர் வரிசையாக உட்காரத் தோதான கல்படி. அடியில் நட்டநடுவே யானை ஒற்றைக்காலை ஊன்றி அழுத்தின மாதிரி ஒரு பள்ளம். மேற்குச் சுவரில் முழங்கை வரைக்கும் நுழைகிற வெடிப்பு.

"தண்ணி ஜில்லுனு இருக்குமா?" என்று பெண்டாட்டி மலையம்மாள் கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"யானைக்கால் பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு ஆளு சம்மணம் போட்டு உக்காரலாம்" என்றான் பேச்சிமுத்து.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரங்கத்துக்குள் வருஷக்கணக்காக வேட்டுச் சத்தம் கேட்டவனுக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

காதில் கோளாறில்லை. பேச்சிமுத்து அந்தக் கசத்துக்குள் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறான். தண்ணீர் இருக்கும்போது ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

குமிழம்பட்டி வழக்கம் அப்படி. ஆடிப் பதினெட்டுக்கு மேலத்தெருக்காரர்கள் குடும்பத்தோடு கொப்பரையில் முழுகுவார்கள். அதற்கு முன்னால் கீழத்தெரு ஆட்கள் அதைத் தூர் வார வேண்டும். அருவிக்கு மேலே பனையோலையும் களிமண்ணும் வைத்து அணை கட்டி, ஓடையை வடக்கே மேலத்தெருப் பெரிய வீட்டுத் தோப்புப் பக்கம் திருப்பிவிட வேண்டும். கசத்தில் கிடக்கிற தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு உள்ளே இறங்கி, ஒரு வருஷத்துச் சேறு, சருகு, விழுந்து செத்த குரங்கு எல்லாவற்றையும் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து ஏற வேண்டும். அடிப்பாறையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஏறி முடிந்ததும் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அதற்கு மேல், தேய்த்த கை அந்தக் கல்லைத் தொடக்கூடாது. அணையை உடைத்துவிட்டு எல்லைப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். தண்ணீர் வந்து விழுகிற சத்தம் அங்கே நின்றாலும் கேட்கும். கீழத்தெருவுக்குக் குளிக்கவும் குடிக்கவும் இருந்தது கீழே மாட்டுத்துறை. கொப்பரை நிறைந்து வழிந்து, மேலத்தெரு மாடுகள் இறங்கி ஏறின பிறகு மிச்சமிருக்கிற கலங்கல்.

சேற்று நாற்றத்தோடு புளியமரத்தடியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் இருபது வயதில் ஊரைவிட்டுப் போனான். கோலாரில் பூமிக்கடியில் பாறைக்குத் தமர் அடிக்கிற வேலை. வேட்டு மருந்து கெட்டிக்கத் துளை போடுகிற கூர்க்கம்பிதான் தமர். பதினெட்டு வருஷம் அடித்தான். அடித்த பாறையெல்லாம் தூளாகி மூச்சோடு மூச்சாக உள்ளே போய் மார்பில் படிந்துவிட்டது. இருமினால் நிற்கவில்லை. டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் கீழே இறங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு நாள் என்று மலையம்மாள் கேட்டதற்கு அவர் கையைத்தான் கழுவினார்.

"ஊருக்குப் போயிட்டு வருவோம்" என்றான் பேச்சிமுத்து அன்று சாயங்காலம். "கொப்பரையில ஒரு தடவ முழுகிட்டு வந்துட்டேன்னா போதும்."

"இன்னும் ஒரு தடவைன்னு சொல்லு" என்று அவள் சொன்னாள்.

மதுரையில் ரயிலை விட்டு இறங்கின இடத்தில் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. மீனாட்சி கோயிலைத் திறந்துவிட்டுவிட்டார்களாம். எந்தச் சாதிக்காரனும் உள்ளே போகலாமாம். டீக்கடைக்காரன் சொன்னதைப் பேச்சிமுத்து நம்பவில்லை. மலையம்மாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். குழாயில் தண்ணீர் இல்லாமல் சண்டை பார்த்திருக்கிறாளே தவிர, தள்ளி நில் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தைக்குள் நுழைகிற மாதிரி அவள் நுழைந்தாள். பின்னாலேயே அவன். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது அவன் தண்ணீர் படாமல் காலை மடக்கி வைத்துக்கொண்டான்.

"குளிருதா?"

"இல்ல."

இத்தனை பெரிய கோயிலே திறந்துவிட்டது. கொப்பரை வெறும் கல்லுக்குழி என்று அவனுக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் அவனுக்கு உண்மையிலேயே ஆசை வந்தது. அதுவரைக்கும் இருந்தது வெறும் பேச்சு.

பஸ் மேற்கே போனது. கோச்சடைத் தோப்புகளுக்கு இடையில் வைகை, தண்ணீரைவிட மணலை அதிகம் காட்டிக்கொண்டு கிடந்தது. அப்புறம் நாகமலை கூடவே வந்தது. செத்த பாம்பை இழுத்துப் போட்ட மாதிரி நீளக் கிடக்கிற மொட்டை மலை. மலையம்மாள் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லை. உசிலம்பட்டியில் இறங்கி, எழுமலை வரைக்கும் ஒரு பருத்தி வண்டியில் தொற்றிக்கொண்டு, அதற்கப்புறம் நடை. கம்பும் சோளமும் முழங்காலளவு நின்று மழைக்கு வாய் பிளந்துகொண்டிருந்தன. மேற்கே மலை மட்டும் பச்சையாக, தலையில் ஈர மேகத்தோடு நின்றது. அதன் நெஞ்சில் ஒரு வெள்ளைக் கோடு.

"அதுவா?"

"அதேதான்."

"ஐயோ, எவ்வளவு அழகாக்கீது!" என்று அவள் குழந்தை மாதிரி கைதட்டினாள்.

ஊர் எல்லையில் அண்ணன் சோணைமுத்து எதிரே வந்தார். தம்பியைப் பார்த்ததும் கண் கலங்கினது. கலங்கின கண் உடனே கீழே இறங்கித் தம்பியின் காலில் நின்றது.

"செருப்பக் கழட்டிக் கையில பிடிச்சுக்கப்பா. மேலத்தெருவத் தாண்டணும்."

"இன்னாத்துக்கு?" என்றாள் மலையம்மாள்.

"கல்லு மாட்டிக்கிச்சு" என்று பேச்சிமுத்து குனிந்தான். கல் மாட்டியது அவன் காலில். கழட்டியது நாலு செருப்பு.

வீட்டில் அண்ணன் பெண்டாட்டி ஒச்சாயி கம்பங்கூழைக் கரைத்து நீட்டினாள். "வாங்க கொழுந்தனாரே. தங்கம் வெட்டப் போனீகளே, காதுல மாட்டக் குண்டுமணித் தங்கமாச்சும் கொண்டாந்தீகளா?"

"கொண்டாந்திருக்கேன் மதினி. நெஞ்சுக்குள்ள இருக்கு. தோண்டி எடுத்துக்கங்க" என்று சொல்லி இருமினான்.

ஒச்சாயி சிரித்தாள். இருமல் நிற்காமல் போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் அவன் மலையம்மாளைக் கூட்டிக்கொண்டு மலையடிக்குப் போனான். காட்டுக் கருவேப்பிலை வாசமும் ஈரப்பாறை வாசமும் கலந்து வந்தன. குரங்குகள் ஆலமரத்து விழுதில் தொங்கிக்கொண்டு இவர்களை விசாரித்தன. அருவிச் சத்தம் நெருங்க நெருங்க அவள் நடை ஓட்டமானது. எல்லைப் புளியமரத்துக்குப் பக்கத்தில் அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். பாறைச்சந்து வழியாகப் பார்த்தால் கொப்பரையின் ஒரு ஓரமும், அதில் துவைத்துக்கொண்டிருந்த மேலத்தெருப் பெண்கள் ரெண்டு பேரும் தெரிந்தார்கள்.

"வா போலாம்."

"இன்னிக்கு வேண்டாம். பதினெட்டாம் பெருக்கன்னிக்கு முழுகுறதுதான் விசேஷம்."

"காலையாவது நனைச்சுக்கறேன்."

"சொன்னாக் கேளுடி."

அவன் குரலில் இருந்தது கோபமா பயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பி நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழத்தெரு ஆண்கள் வேப்பமரத்தடியில் கூடினார்கள். தூர் வார ஆள் அனுப்பச் சொல்லிப் பெரிய வீட்டிலிருந்து தாக்கீது வந்திருந்தது. பேச்சிமுத்து எழுந்து நின்றான். மதுரைக் கோயிலுக்குள் போய் வந்ததைச் சொன்னான். பொற்றாமரைப் படியில் உட்கார்ந்ததைச் சொன்னான். "தூர் வாருவோம். ஆனா தண்ணி விட்டப்பறம் நாமளும் முழுகுவோம்னு கேப்போம். கேட்டா என்ன, தலையவா வாங்கிருவாக?"

"வாங்குவாக" என்றான் பேயாண்டி. பேச்சிமுத்துவோடு கூடச் சுமந்த பழைய கூட்டாளி. மாமன் மகன் முறை. "ஒனக்கென்ன மாப்ள, நீ ரயிலேறிருவ. இங்கிட்டு இருக்கிறவன் தலையத்தான் வாங்குவாக."

"நானே போய்க் கேக்குறேன்."

கேட்டான். பெரிய வீட்டுக் கண்ணுச்சாமி மாட்டுத் தொழுவத்தில் நின்று கன்றுக்குட்டியின் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார். சோணைமுத்து தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். பேச்சிமுத்து கேட்டு முடிக்கும் வரை கண்ணுச்சாமி குறுக்கே பேசவில்லை. உண்ணியை நகத்தில் வைத்து நசுக்கினார்.

"காலம் மாறிப்போச்சுடா. மதுரையிலயே தொறந்துவிட்டாக. நான் மட்டும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். "கொப்பரைய நீங்களே வச்சுக்கங்கடா."

சோணைமுத்துவுக்குக் காதில் விழுந்தது விளங்கவில்லை. "சாமி?"

"பொதுவுல முழுகலாம்னா எங்க பொம்பளைக மொணங்குவாளுக. எதுக்கு வம்பு? மேல, நீங்க அணை போடுற எடத்துல, பாறையக் குடைஞ்சு எங்களுக்குத் தனியா ஒண்ணு பண்ணிக்குடுத்துருங்க. கொப்பரை ஒங்களுக்கு. ஏண்டா பேச்சி, கோலார்ல வேட்டு வைக்கிற வேலைதானே நீ பாத்தது?"

"ஆமாங்க."

"கெணத்துக்கு வாங்கின மருந்து எங்கிட்ட கெடக்கு. தமரும் சம்மட்டியும் தாரேன்."

பேச்சிமுத்துவுக்கு மனசு நிறைந்து போயிருந்தது. இருந்தாலும் சுரங்கக்காரன், கேட்டுவிட்டான். "மேல தேங்குச்சுன்னா கீழ வருங்களா?"

"ஏண்டா, நெறைஞ்சா வழியாதா? வழிஞ்சா தண்ணி மேட்டுக்கா ஏறும்? கீழதானடா வரும்!" கண்ணுச்சாமி சிரித்தார். சோணைமுத்துவும் கூடவே சிரித்தார்.

கீழத்தெருவில் அன்றைக்குப் பேச்சிமுத்துவைத் தூக்காத குறை. ஒச்சாயி கொழுந்தனுக்கென்று கோழி அடித்தாள். பேயாண்டி மட்டும் குழம்பை நக்கிக்கொண்டே கேட்டான்:

"தூர் வாருற நாள்ல ஓடை தோப்புப் பக்கம் போகுதுல்ல மாப்ள, அப்ப அவுக தென்னைக்குத் தண்ணி பாய்ச்சவே ஆள் போறதில்ல. அது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. வழியிற வாய எந்தப் பக்கம் வைக்கப்போறாக?"

"வைக்கப்போறது நான்தானே! கொப்பரையப் பாத்து வைப்பேன்."

"பொறாமைடா ஒனக்கு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பேயாண்டியும் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு கறியை எடுத்துக்கொண்டான்.

வேலை தொடங்கியது. ஒரு பக்கம் ஆட்கள் கொப்பரையைத் தூர் வாரினார்கள். மேலே அணைப் பக்கத்தில் பேயாண்டி தமரைப் பிடிக்க, பேச்சிமுத்து தானே சம்மட்டி அடித்தான். நாலு அடிக்கு ஒரு இருமல். கோலார்ப் பாறை கறுப்பு, இறுக்கமானது. இந்தப் பாறை வரி வரியாகப் பிளந்தது, சொன்ன பேச்சைக் கேட்டது. அவன் அடித்த துளையில் கருமருந்தைக் கெட்டித்து, திரி வைத்து, பற்றவைத்துவிட்டு ஓடி வரும்போது மூச்சு இரைத்துக் கண் இருட்டும். வேட்டு கிளம்பியதும் மலை முழுக்கக் குரங்கு அலறும். கீழே தூர் வாருகிறவர்கள் கூவென்று கத்துவார்கள். அவனுக்கு அத்தனை வருஷத்தில் வேட்டுச் சத்தம் கேட்டுச் சந்தோஷம் வந்தது அப்போதுதான்.

மேல்குழி உருவானது. தெற்கே, கொப்பரையைப் பார்த்து, ஒரு முழ அகலத்துக்கு வாய் வெட்டினான். கண்ணுச்சாமி குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். "நல்லாருக்குடா. வடக்கு ஓரத்துல பொம்பளைக உக்கார ஒரு படி எடுத்துரு. கொப்பரையில இருக்கே, அது மாதிரி."

கொப்பரையில் இருப்பது மாதிரி என்று சொன்னதும் பேச்சிமுத்து உருகிவிட்டான். அந்தப் படியை அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அதே நீளம், அதே சரிவு. செதுக்கிச் செதுக்கி எடுத்தான். படிக்குப் பின்னால் ஒரு சாண் பாறை மிஞ்சியது.

"மெலிசா இருக்கு மாப்ள" என்றான் பேயாண்டி.

"சாஞ்சுக்கத்தானே. இதுக்கென்ன யானையா வந்து முட்டப்போகுது?"

வேலை முடிந்ததும் பூசாரி மேல்குழிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தெளித்தாகிவிட்டது, கீழத்தெரு ஆட்கள் இனி மேலே ஏறக்கூடாது. அணையை எங்கள் ஆட்களே உடைத்துக்கொள்வார்கள் என்று கண்ணுச்சாமி சொல்லிவிட்டார். மிஞ்சின மருந்தையும் தமரையும் சம்மட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொப்பரைக்கு மஞ்சள் தெளிக்கவில்லை. "ஒங்களுக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றார் பூசாரி. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

ஆடிப் பதினெட்டு விடிந்தது. கீழத்தெருவே துவைத்த துணி கட்டிக்கொண்டு, மஞ்சளும் அரப்புத்தூளும் எடுத்துக்கொண்டு மலையேறியது. எல்லைப் புளியமரத்தடியில் கால்கள் தாமாக நின்றன. பேச்சிமுத்துதான் முதலில் தாண்டினான். அப்புறம் ஒவ்வொருவராக, ஆற்றைக் கடக்கிற ஆடு மாதிரி, மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டினார்கள்.

கொப்பரை சுத்தமாக இருந்தது. அடிப்பாறையில் முகம் பார்க்கலாம். தண்ணீர் வரும்போது அடியில் நின்றே நனைய வேண்டும் என்று பேச்சிமுத்து சொன்னான். ஏணி வைத்து இறங்கினார்கள். மலையம்மாளை அவன் கையைப் பிடித்து இறக்கினான். அவள் கிழக்குப் படியில் உட்கார்ந்து பார்த்தாள். யானைக்கால் பள்ளத்தில் இறங்கிச் சம்மணம் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். மேற்கு வெடிப்பில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். எல்லோரும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

மேலே கொட்டு முழங்கியது. குலவைச் சத்தம் கேட்டது. அணையை உடைத்துவிட்டார்கள், தண்ணீர் விழுகிற இரைச்சல் கேட்டது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்கள். ஒச்சாயி மஞ்சளைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டாள்.

"நெறையணும்ல, நேரமாகும்" என்றார் சோணைமுத்து.

மேலே பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தமும் பெண்கள் சிரிக்கிற சத்தமும் வந்தன. வெயில் ஏறி, சரிந்து, கொப்பரைக்குள் விழுந்தது. கால் வைத்த பாறை சுட ஆரம்பித்தது. ஒச்சாயி முகத்து மஞ்சள் காய்ந்து வெடித்தது. அருவி விழுகிற பாறையில் ஒரு ஈரப்புள்ளிகூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து, வேட்டு அதிர்ச்சியில் விரிந்த ஒரு கீறல் வழியாக விரல் தடிமனுக்கு ஒரு கசிவு இறங்கியது. சோணைமுத்து ஓடிப்போய் உள்ளங்கையில் ஏந்தினார். கையில் அரப்பு நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் நின்றன.

பேயாண்டி ஏணியில் ஏறினான். தெளித்த இடம், ஏறாதே என்று சோணைமுத்து கத்தியதை அவன் கேட்கவில்லை. புதர் வழியாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கரையில் குந்தினான்.

"நீ தெக்க வச்சியே வாயி, அத கல்லும் சுண்ணாம்பும் வச்சு அடைச்சுப்புட்டாக. இன்னும் ஈரங்கூடக் காயல."

"வடக்க?"

"வடக்க ஒம் படிக்குப் பின்னால ஒரு சாண் பாறை விட்டீல்ல? அதச் சம்மட்டியால தட்டிவிட்டாக. தண்ணி படியத் தாண்டித் தோப்புக்குப் போகுது மாப்ள. நல்லாப் போகுது. எங்கயும் முட்டாமப் போகுது. படி அப்படி."

யாரும் பேச்சிமுத்துவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராக ஏணியில் ஏறினார்கள். மஞ்சள் காய்ந்த முகங்கள் ஒவ்வொன்றும் அவனைத் தாண்டும்போது வேறு எங்கோ பார்த்தன.

மலையம்மாள் மட்டும் ஏறவில்லை. படியில் உட்கார்ந்து கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான்யா கீது" என்றாள். "படி, பள்ளம், வெடிப்பு, ஒண்ணு பாக்கியில்ல. கண்ணை மூடிக்கினு வந்திருந்தாக்கூடக் கண்டுபிடிச்சிருப்பேன்." கல்லிலிருந்து கையை எடுத்தாள். "தண்ணி ஜில்லுனு இருக்குமான்னு எத்தனையோ தபா கேட்டேன். அதுக்கு மட்டும் நீ வாயே தொறந்ததில்ல."

பேச்சிமுத்து யானைக்கால் பள்ளத்தின் விளிம்பில் நின்றான். மேலே யாரோ ஒரு பெண் தண்ணீரை வாரி யார் மேலோ இறைத்துச் சிரித்தாள்.

"நான் பாத்தது இதத்தான்டி. இம்புட்டுத்தான்."

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து, இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் கிழங்கை எடுத்து அந்தப் பள்ளத்தில் போட்டுவிட்டு, ஏணியில் ஏறினாள்.

கீழே இறங்கி வந்தால், மாட்டுத்துறை வற்றிப் போயிருந்தது. கொப்பரை வழிந்தால்தானே அதற்குத் தண்ணீர். அதைக் கீழத்தெருவில் ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை; மாட்டுத்துறை என்றைக்கும் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். தூர் வாருகிற நாளில் வற்றுவதும் அணை உடைத்தால் ஊறுவதும் வழக்கம்தான். இந்தத் தடவை ஊறவில்லை. சேற்றில் கெண்டைக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒச்சாயி ஒரு குழியில் கொட்டாங்கச்சியால் கலங்கலை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்து மஞ்சளை அவள் இன்னும் கழுவவில்லை. கழுவத் தண்ணீர் இல்லை.

"வாங்க கொழுந்தனாரே" என்றாள் நிமிராமலே. "கோலார்ல கத்துக்கிட்டு வந்து நல்லாத்தான் வேட்டு வச்சீக. கொப்பரைதான் கெடைக்கலன்னு பாத்தா, மாட்டு மூத்திரத் தண்ணியும் போச்சு. இனி நான் குடத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது, சொல்லுங்க."

மலையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து ஒச்சாயியோடு சேர்ந்து மொள்ள ஆரம்பித்தாள். பேச்சிமுத்து கரையில் நின்றான். கைநகத்துக்குள் கருமருந்து கறுப்பாக நின்றது.

பெரிய வீட்டு ஆள் சங்கிலி ஈரத் தலையோடு மேலிருந்து இறங்கி வந்தான். நல்ல மனசுக்காரன், சிரித்துக்கொண்டேதான் சொன்னான்:

"ஏப்பா பேச்சி, படியில ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்காம். பொம்பளைக தொடையில குத்துதாம். நாளைக்கு வந்து தட்டிக் குடுத்துருவியாம். தமரு அங்கயே இருக்கு."

"சரிங்க. வந்துருவான்" என்றார் சோணைமுத்து.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சங்கிலி போய்விட்டான்.

பேச்சிமுத்துவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே இருக்கிற பாறையெல்லாம் உருளுகிற மாதிரி இருமினான். மலையம்மாள் எழுந்து வந்து, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதுகைத் தட்டினாள்.

"நாளைக்குக் காலைல கெளம்பிடலாம்" என்றாள். அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, "குழாயடியில கேப்பாளுங்களே, இன்னா சொல்றது?" என்றாள்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வெள்ளைக் கோடு இல்லாத மலையைப் பார்த்தான்.

"ஜில்லுனு இருந்துச்சுன்னு சொல்லு."